பித்தும் பகுத்தறிவும்

ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய வேண்டுமாயின், அது பிறரை ஏசுவதற்கு எச்சொற்களைப் பயன்படுத்துகிறது என்று பார்த்தாலே போதும். சென்னையில் ஒருவன் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால் அவனைக் "கீழ்ப்பாக்கம்" போகச் சொல்வார்கள். இங்கே மலேசியாவில், மேருவிலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும், அவ்வேளையில் நம்மவர் வாயில் வருவது "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற ஊர்ப்பெயர். கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரி 1871ஆம் ஆண்டு முதல் அவ்விடத்தில் நடந்துவருகிறது. அதன் மூலமோ 1794இல் வாலன்டைன் கானலி என்ற வைத்தியர் சென்னையில் ஏற்படுத்திய காப்பகமாகும். பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911இல் திறக்கப்பட்டது. பின்னாளில் சர்க்கார் அதற்கு மலாய் மொழியில் "பஹாகியா", அதாவது மகிழ்ச்சி, என்று பெயரிட்டனர். பெயர் மாறியும் வசவு மாறவில்லை. நோய் தீர்ப்பதற்கென்று ஏற்பட்ட ஓரிடம் நூறாண்டுக்கு மேலாக ஒரு வசைச்சொல்லாகவே வழங்கிவருமாயின், அதன் காரணத்தை ஆராய்வது அறிவுடையோர் கடமையேயாகும்.

இதைப் பாமரர் அறியாமை என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் நாம் கண்ட வரையில், பாமரரைவிடப் படித்தவர்களே மனநோய் வைத்தியத்தை மிகுதியும் அவமதிக்கிறார்கள். பாமரர் பேய் என்றும் செய்வினை என்றும் சொல்லி மாத்திரையைத் தள்ளுகிறார். படித்தவரோ, "இவையெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் சூழ்ச்சி" என்று சொல்லித் தள்ளுகிறார். முன்னவரை நாம் மூடநம்பிக்கைக்காரர் என்று ஏசுகிறோம். பின்னவரைப் பகுத்தறிவாளர் என்று மெச்சுகிறோம். மாத்திரை குப்பையில் விழுவது மட்டும் இரு வீட்டிலும் ஒன்றாகவே நடைபெறுகிறது. இவ்விரு அவநம்பிக்கைகளையும், அவற்றுக்கு நமது எழுத்தும் சினிமாவும் அளித்துவரும் ஊக்கத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பித்து, பைத்தியம் என்னும் இரண்டும் பித்தம் என்ற உடற்கூற்றின் பெயரிலிருந்து பிறந்தவை. அச்சொற்களை வழங்கத் தொடங்கியவர்கள் இந்நோயை உடம்பின் கோளாறு என்றே எண்ணினார்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அவ்வாறிருக்க, இடையில் அது பாவத்தின் பலனாகவும் பேயின் சேட்டையாகவும் குடும்பத்தின் மானக்கேடாகவும் ஆயிற்று. மற்றொரு பக்கத்தில், சுந்தரர் இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பாடியது முதலாக, பித்து என்பது பக்தருக்கும் புலவருக்கும் பெருமையாகவும் ஆயிற்று. ஆகவே நமது இலக்கியத்தில் பித்தனுக்கு இரண்டே இருக்கைகள் உண்டு: ஒன்று கோயிலிலே, மற்றொன்று தெருவிலே. காய்ச்சல்காரனைப்போல் பாயில் படுத்து, வேளாவேளைக்கு மருந்துண்டு, எழுந்து வேலைக்குப் போகும் பித்தனுக்கு அங்கே இடமில்லை.

தற்காலத்துச் சினிமா இக்குறையை நீக்கியதா? 1999இல் வெளிவந்த "சேது"வைப் பார்த்தவர்கள், சங்கிலியால் கட்டுண்ட அந்த இளைஞனை மறந்திருக்கமாட்டார்கள். 2005இல் வெளிவந்த "சந்திரமுகி"யின் நாயகன் ஒரு மனநோய் வைத்தியனே. ஆனால் அவன் நோயாளியைக் குணப்படுத்துவது பேயோட்டுபவரையும் உடன் வைத்துக்கொண்டு நடத்தும் ஒரு நாடகத்தினால். அந்நாடகம் முடிந்ததும் நோயும் முடிந்துவிடுகிறது! 2012இல் வந்த "3" என்ற படத்தில் நோய்க்கு மருத்துவப் பெயரே சூட்டப்பட்டது. ஆயினும் அதைத் தன் மனைவிக்கு மறைத்துவைக்கும் நாயகன் இறுதியில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறான். சங்கிலி, நாடகம், தற்கொலை ஆகிய இம்மூன்றில் ஒன்றுதான் மனநோயின் முடிவு என்று திரையில் கண்டு பழகிய ஜனங்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று தயங்குவார்களாயின் அவர்களை மட்டும் நோவதில் பயனென்ன?

எழுத்துலகில் இதற்கு விலக்காக நிற்பவர் காலஞ்சென்ற கோபி கிருஷ்ணன் அவர்கள். அவர் எழுதிய "உள்ளேயிருந்து சில குரல்கள்" என்னும் நூல், மனநோய் ஆஸ்பத்திரிக்குள் இருந்தவர்களைப் பேசப்படும் பொருளாக வைக்காமல், பேசுகின்ற மக்களாக வைத்தது. அந்நூலைப் படித்தவர் எவரும் பின்னர் "கீழ்ப்பாக்கம்" என்று எளிதில் ஏச மாட்டார் என்பது நமது அபிப்பிராயம். வைத்தியத்தைத் துதிப்பதும் வைத்தியரைத் தூற்றுவதும் எழுத்தாளன் வேலையல்ல. உள்ளே இருப்பவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதே அவன் வேலை. அந்த வேலையை அவருக்குப் பின்னர் எத்தனை பேர் செய்தார்கள் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. மருந்துக்கு முன் இருந்த நிலைமை யாது என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோருமே ஆவர். ஆஸ்பத்திரிக்கு அஞ்சியவர்களும், ஆஸ்பத்திரி எட்டாதவர்களும், அங்கே போய்ப் பயன் காணாதவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். மருந்தை மறுக்கும்போது நாம் எதை ஏற்கிறோம் என்ற கேள்விக்கு ஏர்வாடி ஒரு விடையாகும்.

இனி, மருந்து எவ்வாறு வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள வைத்தியர்கள், நம் நாட்டில் பழங்காலம் முதல் வழங்கிவந்த சர்ப்பகந்தி வேர், பைத்தியத்தையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்கக் கண்டு அதனை எழுதி வெளியிட்டார்கள். 1952இல் அவ்வேரின் சத்து ஐரோப்பாவில் பிரித்தெடுக்கப்பட்டு ரெசர்பைன் என்று பெயர்பெற்றது. அதே ஆண்டில் பாரிஸ் நகரத்தில் டிலே, டெனிக்கர் என்ற இருவர், குளோர்ப்ரோமசைன் என்ற மருந்தால் கொந்தளித்த நோயாளிகள் அமைதியுற்றதை அறிவித்தார்கள். நாட்டு மருந்து என்று பெருமை கொள்வோரும், அந்நிய மருந்து என்று அருவருப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்ப்பகந்தியின் சத்துக்கும் தீங்குகள் உண்டென்று பின்னர் தெரியவந்தது; அதனினும் மேலானவை வந்தபின் மனநோய்க்கு அதன் உபயோகம் அருகிவிட்டது. பரீட்சையில் நிற்காதது எந்நாட்டு வேராயினும் விலகியே ஆக வேண்டும்.

இவ்வரலாற்றில் நமது பக்கத்து ஊருக்கும் ஒரு பங்குண்டு. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் சாங்கி முகாமில் கிடந்தவர். விடுதலை பெற்று ஊர் திரும்பிய அவர், ஒரு சிறு ஆஸ்பத்திரியில் வசதியேதுமின்றி ஆராய்ந்து, லித்தியம் என்ற உப்பு வகை, வெறிகொண்ட மனநோயாளிகளைத் தெளியச் செய்கிறது என்று 1949இல் எழுதினார். அவர் கண்டு எழுதிய வெறிநோயாளிகள் பத்தே பேர். அவருள் முதன்முதலாக மருந்து பெற்று, பல ஆண்டுப் பைத்தியம் தெளிந்து வீடு திரும்பிய மனிதரே, 1950இல் அதே உப்பின் நஞ்சு உடலில் மிகுந்து இறந்துபோனார். இத்துடன் கதை முடிந்திருந்தால் லித்தியம் இன்று மறக்கப்பட்டிருக்கும். ஆனால் 1951இல் அந்நாட்டிலேயே நோக், டிரௌட்னர் என்ற இருவர், இரத்தத்தில் அவ்வுப்பின் அளவைச் சோதித்துக்கொண்டே கொடுத்தால் அபாயத்தைக் காக்கலாம் என்று காட்டினார்கள். 1954இல் டென்மார்க்கில் மோகென்ஸ் ஷௌ என்பவர் மருந்தையும் வெறும் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பரீட்சித்தார். அமெரிக்க சர்க்கார் அனுமதித்ததோ 1970இல். கொன்ற மருந்தும் காத்த மருந்தும் ஒன்றேதான். அளவைப் பார்த்ததும் பாராததுமே வித்தியாசம். அவ்வுப்பின் மேல் எந்தக் கம்பெனிக்கும் தனியுரிமை கிடையாது என்பதையும், "எல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி" என்போர் கவனிப்பார்களாக.

அங்ஙனமாயின் கம்பெனிக்காரர் மேல் குற்றமே இல்லையோ என்றால், உண்டு, மிகவும் உண்டு. நமது தொழில் தோட்டத்தில் கணக்கெழுதுவது. ஆகவே கணக்கு வழியிலேயே சொல்லுகிறோம். செம்பனைத் தோட்டத்தில் நாள்தோறும் வெட்டிய குலைகளை மண்டோர் எண்ணிவந்து சொல்ல, கிராணி ஏட்டில் பதிவான். நல்ல குலை விழுந்த நாள்களை மட்டும் சொல்லி, காய்க்குலை விழுந்த நாள்களை மண்டோர் மறைத்துவிடுவானாகில், ஏட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணும் மெய்யாயிருக்கும். ஏடு முழுவதும் பொய்யாயிருக்கும். மனச்சோர்வு மருந்துகளின் விஷயத்தில் நடந்தது இதுவே. அமெரிக்க சர்க்காரின் மருந்து அதிகாரிகளிடம் பதிவான 74 பரீட்சைகளை எரிக் டர்னர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் எடுத்து, பத்திரிகைகளில் வெளிவந்தவற்றோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். அதிகாரிகள் வெற்றியென்று மதித்தவை 38. அவற்றுள் 37 அச்சாயின. மற்ற 36இல், உள்ளது உள்ளபடி வெளிவந்தவை மூன்றே. 22 வெளிவரவே இல்லை. 11 வெற்றிபோல் தோன்றுமாறு எழுதப்பட்டு வெளிவந்தன. ஆகவே பத்திரிகைகளை மட்டும் படித்த வைத்தியருக்கு நூற்றுக்கு 94 வெற்றி. முழு ஏட்டையும் பார்த்தவருக்கு நூற்றுக்கு 51 மட்டுமே.

இன்னுமொன்று. பாராக்சிடின் என்ற மருந்து இளம் பிராயத்தினரின் மனச்சோர்வுக்கு நல்லதென்று 2001இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதே விவரங்களை வேறு அறிஞர்கள் மறுபடி எண்ணிப் பார்த்து, அது பயனும் தரவில்லை, தீங்கும் விளைத்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். இத்தகைய செய்திகளைக் கேட்ட பின்னரும் ஜனங்கள் சந்தேகப்படக் கூடாது என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. சந்தேகம் நியாயமானதே.

ஆனால் அச்சந்தேகத்தை எவ்வாறு கையாளுவது என்பதில்தான் நாமே ஒரு முறை பெரும்பிழை செய்தோம். அதை மறைத்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

2022ஆம் ஆண்டு, மூளையில் செரோடோனின் என்ற பொருள் குறைவதனால் மனச்சோர்வு உண்டாகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று, ஜோஆனா மான்கிரீஃப் என்ற லண்டன் அறிஞரும் பிறரும் முன்னைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதினார்கள். உலகெங்கும் பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. மேருவில் நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் ஒட்டுக்கடையில், ஆங்கிலம் படித்தவர் என்ற மிடுக்கோடு அச்செய்தியை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னோம். "இத்தனை நாளும் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று ஒரு முடிவுரையும் சேர்த்தோம். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுள் லாரி ஓட்டும் ஒரு நண்பரும் இருந்தார். அவர் மனைவியார் ஓராண்டாக மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டுவந்தார் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

அன்றிரவே அவர் வீட்டில் மாத்திரை நின்றது. சில வாரங்களில் அவ்வம்மையாருக்கு உறக்கம் போயிற்று, உணவு போயிற்று, பேச்சும் நின்றது. ஒரு நாள் நள்ளிரவில் காப்பார் சாலையோரத்தில், செருப்புமில்லாமல், லாரிகளின் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தவரை அண்டை வீட்டார் கண்டு அழைத்துவந்தார்கள். மறுபடி சிகிச்சை நடந்தது. தெளிவதற்குப் பல மாதங்களாயின. தெளிந்தபின் ஒரு நாள் அவர் கடைத்தெருவில் நம்மைக் கண்டு, கோபமேதுமின்றிக் கேட்டார்: "கிராணி ஐயா, அந்தப் பேப்பரை நீங்கள் முழுக்கப் படித்தீர்களா?"

நாம் முழுக்கப் படித்திருக்கவில்லை. தலைப்பையும், அதன் கீழ் முதல் பத்தியையும் படித்தோம். பின்னர் வெட்கத்தோடு மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தபோதுதான், அது மருந்து பயன் தருகிறதா என்ற கேள்வியை ஆராயவே இல்லை என்பது தெரிந்தது. நோயின் காரணத்தைப் பற்றிச் சொல்லிவந்த ஒரு விளக்கத்தையே அது மறுத்தது. தலைவலி மாத்திரையால் தலைவலி நீங்குகிறது என்பதற்காக, உடம்பில் அம்மாத்திரை குறைந்ததனால்தான் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. விளக்கம் தவறாயிருக்கலாம், மருந்து பயன்படலாம். விளக்கம் சரியாயிருக்கலாம், மருந்து பயனற்றதாகலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது அபாயம், வைத்தியர் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்று மான்கிரீஃப் அவர்களே எச்சரித்திருக்கிறார். நமது ஒட்டுக்கடைப் பிரசங்கத்தில் அந்த எச்சரிக்கை இடம் பெறவில்லை. காய்க்குலையை மறைத்த மண்டோருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவன் ஒரு பக்கத்து எண்ணை மறைத்தான். நாம் மறு பக்கத்து எண்ணை மறைத்தோம்.

அந்த மறு பக்கத்தில் என்ன இருக்கிறது? 2018இல் சிப்ரியானி என்பவரும் பிறரும், அச்சாகாத பரீட்சைகளையும் தேடிச் சேர்த்து, 522 பரீட்சைகளை, 1,16,477 நோயாளிகளை எண்ணினார்கள். ஆராய்ந்த 21 மனச்சோர்வு மருந்துகளும் வெறும் மாத்திரையைவிட மேலானவையாகவே கண்டன. அந்த மேன்மை பெரும்பாலும் சிறிது. பெரும்பாலான பரீட்சைகளும் இரண்டு மாத அளவினவே. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிந்தை சிதறிக் குரல்கள் கேட்கும் கொடிய நோய்க்கோ மருந்தின் பயன் மிகத் தெளிவானது. 2012இல் லாய்க்ட் என்பவரும் பிறரும் 65 பரீட்சைகளைத் தொகுத்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டளவில் நோய் மீண்டது நூற்றுக்கு 27 பேருக்கு. நிறுத்தியவர்களிலோ நூற்றுக்கு 64 பேருக்கு. அதே தொகுப்பில், மருந்துண்டவர்களிடம் உடல் பருத்தலும் உறுப்பு நடுக்கமும் அயர்வும் மிகுதியாகக் காணப்பட்டன. மருந்து வேலை செய்கிறது, விலையும் கேட்கிறது. அவ்விலையைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி. அவர் முடிவு செய்வதற்கு இரண்டு எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும்.

வைத்தியர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவது இங்கேதான். நாம் மேலே சொன்ன அம்மையாருக்கு மாத்திரை கொடுத்த இடத்தில், அது என்ன செய்யும், என்ன கெடுதி வரலாம், எத்தனை நாள் உண்ண வேண்டும், நிறுத்த விரும்பினால் எப்படி நிறுத்த வேண்டும் என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொன்னவர் எவருமில்லை. மாத்திரைப் பையின் மேல் எழுதியிருந்தது வேளைக்கு எத்தனை என்பது மட்டுமே. எதுவும் சொல்லப்படாத வீட்டில் ஒட்டுக்கடைப் பேச்சே வைத்தியமாகிவிடுகிறது. "மூளையில் ஒரு பொருள் குறைந்துவிட்டது" என்ற எளிய கதையைச் சொல்லி ஜனங்களை நம்பவைத்தவர்கள், அக்கதை ஆட்டங்கண்டபோது மருந்தும் சேர்ந்து ஆட்டங்காணும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. "ஏன் குணமாகிறது என்பது எங்களுக்கு முற்றும் விளங்கவில்லை, ஆனால் இத்தனை பேரில் இத்தனை பேருக்குக் குணமாகக் கண்டோம்" என்று ஒரு வைத்தியர் சொல்வாராயின், அவரை மதிக்காத அளவுக்கு நம் ஜனங்கள் அறிவற்றவர்கள் அல்லர். தோட்டத்து மக்கள் எண்ணிக்கையை நன்கு அறிவார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கையிலேயே ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கிலியையும் நாடகத்தையும் போதுமான அளவு பார்த்துவிட்டோம். ஒரு பெண் மாலையில் அரிசி களைந்துவிட்டு மாத்திரையை எடுத்து விழுங்குகிறாள்; கை சற்று நடுங்குகிறது; உடம்பு பருத்துவிட்டதென்று நாத்தனார் கேலி செய்கிறாள்; ஆயினும் காலையில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். இதைக் கதையாக எழுதுவாரில்லை. இதில் பேயுமில்லை, பலியுமில்லை. ஆனால் இந்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுதான். கோபி கிருஷ்ணன் அவர்கள் உள்ளேயிருந்து வந்த குரல்களைக் கேட்கச் செய்தார். வெளியே வந்து வாழ்பவர்களின் குரலைக் கேட்கச் செய்வது இனி வருபவர் பொறுப்பாகும்.

முடிவாக, நம் போன்ற வாசகர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. பூசாரியிடம், "உம்மிடம் வந்து குணமாகாதவர் எத்தனை பேர்?" என்று கேட்பது பகுத்தறிவு. அதே கேள்வியைக் கம்பெனிக்காரனிடமும் வைத்தியரிடமும் கேட்பதும் பகுத்தறிவு. மருந்தை ஏசிப் பேசுபவனிடம், "நிறுத்தியவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்காமல் விடுவது பகுத்தறிவாகாது. முதல் இரண்டையும் கேட்டுப் பழகிய நாம் மூன்றாவதைக் கேட்கவில்லை. அதற்குரிய தண்டனையை அனுபவித்தவரோ நாமல்லர், வேறொருவர்.

அவ்வம்மையார் இப்போது முன்னினும் குறைந்த அளவு மருந்தே உண்டுவருகிறார். அதைக் குறைத்தவர் வைத்தியர்; குறைக்குமாறு கேட்டவர் அவரேதான். எதற்காக உண்கிறோம், எப்போது குறைக்கலாம் என்பதை இம்முறை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒட்டுக்கடையில் நாம் இன்னும் பத்திரிகை படிப்பதுண்டு. படித்து முடித்தபின்னரே பேசுகிறோம்.